குடியிருக்கும் வீடும் கொடுக்கும் வாடகையும்



எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள் நம் பெரியவர்கள். சொந்த வளை இல்லாதவர் பிறருடைய வளையில்தான் ஒதுங்க வேண்டும். அப்படி ஒதுங்கும்போது வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் இடையே எழும் பூசல்கள் ஒன்றா, இரண்டா? வாடகையை ஏற்றிவிட்டார், கூரையைப் பழுது பார்க்கவில்லை, முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை, திடீரென்று வெளியே போகச் சொல்கிறார் என்று குடியிருப்பவர் முறையிடுகிறார். மூன்று மாதமாக வாடகை வரவில்லை, வீட்டைப் பாழாக்கிவிட்டார், காலி செய்ய மறுக்கிறார் என்று வீட்டுக்காரர் முறையிடுகிறார். இந்தப் பூசல்களைத் தீர்க்க உலகம் என்னென்ன வழிகளைக் கண்டது, நம் நாட்டில் அவை எப்படி வந்தன, எப்படி மாறின என்பதே இன்றைய உரையின் பொருள்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம்மவருக்கு வாடகை என்ற சொல் நெடுங்காலம் பழக்கமில்லாத சொல்லாகவே இருந்தது. லயத்து வீட்டுக்கு வாடகை கிடையாது. தொழிலாளிக்குக் குடியிருக்க இடம் தருவது தோட்ட நிர்வாகத்தின் கடமை என்பது வெள்ளைக்காரர் ஆட்சியில் 1923ஆம் ஆண்டு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பிலேயே இடம்பெற்றிருந்தது. வாடகை இல்லையே என்று மகிழ்ந்தோம். ஆனால் அந்த வீட்டுக்கு வேறொரு விலை இருந்தது. வீடு வேலையோடு கட்டப்பட்டிருந்தது. வேலை போனால் வீடும் போயிற்று. தந்தைக்கு வயதாகிப் பெயர் வெட்டப்பட்டால், மகனோ மகளோ மருமகளோ பெரட்டில் பெயர் கொடுத்தால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டுப் பால் வாளியைத் தூக்கிய பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களில் பலர் கூலிக்காக மட்டும் போகவில்லை. குடியிருந்த வீட்டைக் காப்பாற்றவும் போனார்கள்.

இதில் சட்டத்தின் பார்வை ஒன்றும் உண்டு. வாடகை கொடுத்துக் குடியிருப்பவரைச் சட்டம் குடிவாரத்தார் என்று கருதுகிறது. அவருக்கென்று சில உரிமைகள் உண்டு. வேலைக்காக வீடு கொடுக்கப்பட்டவரோ அனுமதியின் பேரில் தங்கியிருப்பவராகவே பெரும்பாலும் கருதப்பட்டார். வேலை நின்றதும் அனுமதியும் நின்றது. முப்பது, நாற்பது ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்த குடும்பமும் இந்த வேறுபாட்டால் தடுமாறியது.

1950களிலும் 1960களிலும் வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தங்கள் தோட்டங்களை விற்றார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு மீண்டும் விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நாம் சொல்வது இதைத்தான். 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பற்றிப் பேராசிரியர் உங்கு அஜிஸ் தலைமையில் ஆய்வு நடந்தது. துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்ததும் இந்தத் துன்பத்தைக் கண்டுதான். பின்னர் வந்த ஆண்டுகளில் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. கிள்ளான், ஈப்போ, சிரம்பான், ஜொகூர் பாரு என்று நம் குடும்பங்கள் பட்டணங்களை நோக்கி நகர்ந்தன. முதல் முறையாக மாதம் பிறந்ததும் வாடகைப் பணம் எண்ணி வைக்க வேண்டியதாயிற்று.

இந்த இடமாற்றத்தில் நாம் ஒன்றை இழந்து ஒன்றைப் பெற்றோம். வாடகை இல்லாத வீட்டை இழந்தோம். வேலை மாறினாலும் மாறாத ஒரு குடியிருப்பு உரிமையைப் பெற்றோம். ஆனால் அந்த உரிமை எங்கிருந்து வந்தது, அதை எப்படிக் கையாள்வது என்று பலருக்குச் சொல்லித் தர ஆள் இல்லை. அதை அறிய வேண்டுமானால் நூறு ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிச் சென்று, ஸ்காட்லாந்து நாட்டுக் கிளாஸ்கோ நகரைப் பார்க்க வேண்டும்.

1914ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிரிட்டன் முதல் உலகப் போரில் இறங்கியது. கிளாஸ்கோ கப்பல் கட்டும் நகரம். போர்க் கப்பல்களும் வெடிமருந்தும் செய்வதற்கு ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் அங்கே வந்து குவிந்தார்கள். வீடுகளோ கூடவில்லை. கோவன், பார்ட்டிக் போன்ற தொழிலாளர் பகுதிகளில் வீட்டு உரிமையாளர்கள் வாடகையை ஏற்றினார்கள். சில இடங்களில் நூற்றுக்கு 25 வரை ஏறியது. கணவன் போர்முனையில் இருக்க, குழந்தைகளோடு தனியே இருந்த பெண்களால் அதைக் கட்ட முடியவில்லை. கட்டாதவர்களை வெளியேற்ற நீதிமன்ற ஆட்கள் வந்தார்கள்.

அந்தப் பெண்கள் ஒன்று சேர்ந்தார்கள். அவர்களில் முன்னின்றவர் மேரி பார்பர் என்ற அம்மையார். தறி நெய்யும் குடும்பத்தில் 1875ஆம் ஆண்டு பிறந்தவர். பழைய வாடகையைத் தருவோம், ஏற்றிய தொகையைத் தரமாட்டோம் என்பதே அவர்களுடைய முடிவு. நீதிமன்ற ஆள் தெருவில் நுழைந்தால் ஒரு பெண் மணியை அடிப்பார். சமையலை அப்படியே விட்டுவிட்டு மற்ற பெண்கள் ஓடி வந்து மாடிப்படியை அடைத்து நிற்பார்கள். மாவுப் பொட்டலங்களே அவர்களுடைய ஆயுதம். வந்தவர் மாவில் குளித்துத் திரும்புவார்.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்வார்கள். வாடகை வசூலிக்கும் முகவர் ஒருவர், பக்கத்து வீட்டார் எல்லாரும் புதிய வாடகையைக் கட்டிவிட்டார்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் பொய் சொல்லிப் பணத்தை வாங்கிவிட்டாராம். பெண்கள் தங்களுக்குள் பேசிப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. மேரி பார்பர் கப்பல் பட்டறைத் தொழிலாளர்களை அழைத்துக்கொண்டு முகவரின் அலுவலகத்துக்குப் போனார். பணம் திரும்பி வந்தது. அண்டை வீட்டாரோடு பேசாமல் இருப்பவரை ஏமாற்றுவது எளிது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

வாடகை மறுப்பில் சேர்ந்த குடும்பங்கள் ஏறத்தாழ 20,000 ஆயின. 1915 நவம்பர் 17ஆம் நாள், வாடகைப் பாக்கிக்காகப் பதினெட்டுத் தொழிலாளர்கள் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். பல்லாயிரம் மக்கள் நீதிமன்றத்தைச் சூழ்ந்தார்கள். பட்டறைகள் நின்றுபோகும் நிலை. போர்க்காலத்தில் அதை அரசாங்கம் தாங்குமா? அமைச்சர் லாய்ட் ஜார்ஜ் தலையிட்டார். வழக்குகள் கைவிடப்பட்டன. அந்த ஆண்டு முடிவதற்குள் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. சிறிய வீடுகளின் வாடகை 1914 ஆகஸ்டில் இருந்த அளவிலேயே நிறுத்தப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டிய நியாயம் ஒன்று உண்டு. அந்தச் சட்டம் குடியிருப்பவரை மட்டும் பார்க்கவில்லை. வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருந்த உரிமையாளருக்கு வட்டி ஏறாமலும் அது தடுத்தது. ஒருவர் தலையில் ஏறும் சுமையை மற்றொருவர் தலையில் இறக்கி வைப்பது தீர்வாகாது என்பதை அன்றே உணர்ந்திருந்தார்கள். மேரி பார்பர் 1920ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரமன்ற உறுப்பினரானார். 2018ஆம் ஆண்டில் கோவன் பகுதியில் அவருக்குச் சிலை எழுப்பினார்கள்.

பிரிட்டனில் பிறந்த இந்தக் கருத்து கப்பலேறி நம் பக்கமும் வந்தது. ஜப்பானியர் ஆட்சி 1945இல் முடிந்தபோது மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வீட்டுப் பஞ்சம் கடுமையாக இருந்தது. போர் ஆண்டுகளில் புதிய வீடுகள் எழவில்லை. பட்டணங்களிலோ மக்கள் பெருகிவிட்டார்கள். கேட்ட வாடகையைக் கொடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை. இந்த நிலையில்தான் சிங்கப்பூரில் 1947ஆம் ஆண்டிலும், மலாயாக் கூட்டரசில் 1948ஆம் ஆண்டிலும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வந்தன. சிங்கப்பூரில் 1939 ஆகஸ்டு முதல் நாள் இருந்த வாடகையே அடிப்படை வாடகையாக எடுத்துக்கொள்ளப்பட்டது. மலேசியாவில் பழைய சட்டத்துக்குப் பதிலாக 1966ஆம் ஆண்டில் புதிய சட்டம் வந்தது. 1948 பிப்ரவரிக்கு முன் கட்டிய கட்டடங்களையே அது கட்டுப்படுத்தியது. புதிதாகக் கட்டுபவர் தயங்கக் கூடாது என்பதற்காகப் புதிய வீடுகளுக்கு விலக்கு இருந்தது.

இந்தச் சட்டங்கள் மூன்று காரியங்களைச் செய்தன. முதலாவது, வாடகைக்கு ஓர் அளவு வைத்தன. இரண்டாவது, வெளியேற்றுவதற்குக் காரணம் கேட்டன. வாடகை பாக்கி வைத்தார், அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை கொடுத்தார், அனுமதியின்றி உள்வாடகைக்கு விட்டார் என்பன போன்ற காரணங்களை நீதிமன்றத்தில் காட்ட வேண்டும். முகம் பிடிக்கவில்லை என்பது காரணமாகாது. மூன்றாவது, இருவருக்கும் பொதுவான ஓர் இடத்தை அமைத்தன. 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நியாய வாடகை எவ்வளவு என்று முடிவு செய்ய வாடகை நடுவர் மன்றங்கள் இருந்தன. வீட்டு வாசலில் நின்று கத்துவதற்குப் பதிலாக, நடுவர் முன் சென்று சொல்ல ஒரு வழி பிறந்தது.

ஆனால் சட்டம் வந்துவிட்டால் சூழ்ச்சி ஒழிந்துவிடுமா? கணக்கில் வாடகை குறைவாக இருக்கும். கதவைத் திறந்துவிடுவதற்கு முன்பே 'டீ மணி' என்று ஒரு தொகையைக் கேட்டு வாங்குவார்கள். முழு வீட்டையும் குறைந்த வாடகைக்கு எடுத்த ஒருவர், அதைப் பலகை அடித்துச் சிறு சிறு அறைகளாக்கி, ஒவ்வோர் அறையையும் தனித்தனிக் குடும்பத்துக்கு விடுவார். சட்டம் காப்பாற்றியது அவரை. காற்றும் வெளிச்சமும் இல்லாத அறையில் இருந்த உள்வாடகைக்காரர் அவர் கேட்டதைக் கொடுத்தார். ஏழைக்காக வந்த சட்டத்தின் பயன் இடையில் நின்றவருக்குப் போயிற்று.

வீட்டு உரிமையாளரின் மனத்தாங்கலையும் நாம் கேட்க வேண்டும். பினாங்கு ஜார்ஜ் டவுன் நகரில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பழைய கட்டடங்கள் இந்தக் கட்டுப்பாட்டில் இருந்தன. நாட்டில் விலைவாசி பல மடங்கு ஏறியது. இந்த வாடகைகள் மட்டும் மிகக் குறைவாகவே இருந்தன. ஒரு மாத வாடகை ஓட்டுக் கூரையின் ஒரு மூலையைச் சரி செய்யவும் போதாது. ஆகையால் உரிமையாளர் பழுது பார்ப்பதை நிறுத்தினார். குடியிருந்தவரும், வீடு நம்முடையதா என்று விட்டுவிட்டார். உத்தரம் இற்றது, சுவரில் செடி முளைத்தது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியதாம் என்று உரிமையாளர் புலம்பினார். அந்தப் புலம்பலில் உண்மையே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

கடைசியில் 1997ஆம் ஆண்டில் வாடகைக் கட்டுப்பாட்டை நீக்கும் சட்டம் வந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் முதல் நாள் அது நடப்புக்கு வந்தது. மாறிக்கொள்ள 1999 டிசம்பர் முடியத் தவணை கொடுத்தார்கள். 2000ஆம் ஆண்டு பிறந்ததும் கட்டுப்பாடு முற்றிலும் போயிற்று. ஜார்ஜ் டவுனில் வாடகை பல மடங்கு உயர்ந்தது. தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்த சிறு வியாபாரிகளும் கைத்தொழிலாளர்களும் முதியவர்களும் நகரை விட்டு வெளியேறினார்கள். 2008ஆம் ஆண்டில் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நகரமாக அறிவிக்கப்பட்டபோது, அழகிய கட்டடங்கள் இருந்தன. அவற்றில் வாழ்ந்த மக்களில் பலர் இல்லை. சிங்கப்பூரிலும் 2001ஆம் ஆண்டில் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. ஆனால் அங்கே 1960ஆம் ஆண்டு தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அதற்குள் பெரும்பாலான மக்களுக்கு வீடு கட்டிக் கொடுத்திருந்தது. ஆகவே அடி அவ்வளவு பலமாக விழவில்லை. இந்த இரண்டு ஊர்களையும் ஒப்பிட்டால் ஒன்று விளங்கும். வாடகையைக் கட்டிப் போடுவது தற்காலிக மருந்து. போதிய வீடுகளைக் கட்டுவதே நிலையான மருந்து.

நேயர்களே, அந்தச் சட்டத்தோடு வாடகை நடுவர் மன்றங்களும் மலேசியாவில் முடிவுக்கு வந்தன. அப்படியானால் குடியிருப்பவருக்கு இன்று ஒன்றுமே மிச்சம் இல்லையா? இருக்கிறது. கிளாஸ்கோ பெண்கள் மாவுப் பொட்டலத்தோடு காத்த ஒரு நியாயம் இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1950ஆம் ஆண்டுக் குறித்த பரிகாரச் சட்டத்தின் 7ஆம் பிரிவு என்ன சொல்கிறது? வாடகைக் காலம் முடிந்த பிறகும் ஒருவர் வீட்டில் இருந்தால், உரிமையாளர் நீதிமன்றத்தின் வழியாகத்தான் வீட்டை மீட்க வேண்டும். தாமே பூட்டை மாற்றுவதும், சாமான்களைத் தெருவில் போடுவதும் முறையான வழி அல்ல.

இந்தப் பாதுகாப்பை நம்பி வாடகை கட்டாமல் இருந்துவிடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். 1956ஆம் ஆண்டுக் குடியியல் சட்டத்தின்படி, காலம் முடிந்தும் வெளியேறாதவரிடம் இரட்டிப்பு வாடகை கேட்க உரிமையாளருக்கு உரிமை உண்டு. வாடகைப் பாக்கிக்காக வீட்டில் உள்ள பொருள்களைப் பறிமுதல் செய்ய நீதிமன்ற ஆணை பெறவும் 1951ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழி செய்கிறது. கத்தி இரு பக்கமும் வெட்டும்.

இனி, அன்றாடம் எழும் பூசல்களுக்கு வருவோம். அவற்றில் பெரும்பாலானவை வாய்ப்பேச்சில் வீடு எடுப்பதால் வருபவை. தெரிந்தவர் வீடுதானே, நம் ஆள்தானே என்று தொடங்கும் உறவு, ஆறே மாதத்தில் நீ அப்படிச் சொன்னாய், நான் இப்படிச் சொன்னேன் என்று முறிகிறது. லயத்தில் நமக்கு ஒப்பந்தம் எழுதிப் பழக்கமில்லை. கிராணியார் சொன்னதே சாசனம். பட்டணத்தில் அது உதவாது. வாடகை எவ்வளவு, எத்தனை ஆண்டு, எப்போது ஏற்றலாம், எத்தனை மாத முன்னறிவிப்பு, பழுது யார் பொறுப்பு என்பவற்றை எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டுவதும் அவசியம். 1949ஆம் ஆண்டு முத்திரைச் சட்டப்படி, முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்பதில்லை.

முன்பணப் பூசல் மிக அதிகம். நாட்டு வழக்கப்படி இரண்டு மாத வாடகையை முன்பணமாகவும், தண்ணீர், மின்சாரத்துக்கு அரை மாத வாடகையையும் வாங்குகிறார்கள். வீட்டை விடும்போது சுவர் அழுக்கு, கதவு உடைந்தது என்று பிடித்துக்கொள்கிறார்கள். இதற்கு மருந்து வீட்டில் நுழையும் நாளிலேயே இருக்கிறது. எந்தச் சன்னலில் கண்ணாடி இல்லை, எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று பட்டியல் எழுதி, உரிமையாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இப்போது கைத்தொலைபேசியிலேயே படம் எடுத்துவிடலாம். வெளியேறும் நாளிலும் இருவரும் சேர்ந்து அதே பட்டியலை வைத்துப் பார்த்தால் வாக்குவாதத்துக்கு இடமில்லை.

பழுது பார்ப்பதில் ஜார்ஜ் டவுனின் பாடத்தை மறக்கக் கூடாது. உரிமையாளர் செய்யட்டும் என்று இவரும், குடியிருப்பவர் செய்யட்டும் என்று அவரும் இருந்தால் வீடுதான் விழும். கூரை, சுவர், மின்கம்பி போன்றவை உரிமையாளருக்கும், விளக்கு, தாழ்ப்பாள் போன்ற சில்லறை வேலைகள் குடியிருப்பவருக்கும் என்று ஒப்பந்தத்திலேயே பிரித்து எழுதிக்கொள்வது நல்லது. பழுது ஏற்பட்டால் உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பழுது பார்க்கவில்லை என்ற கோபத்தில் வாடகையை நிறுத்துவது ஆபத்து. நம்முடைய நியாயமான குறை பின்னே போய், வாடகைப் பாக்கி முன்னே வந்து நிற்கும்.

வாடகைக்கு எப்போதும் ரசீது வேண்டும். வங்கி வழியாகச் செலுத்தினால் அந்தச் சீட்டே சாட்சி. வேலை நின்று வாடகை கட்ட முடியாமல் போனால், உரிமையாளரைக் கண்டு ஒளியாமல் முதல் மாதத்திலேயே சென்று பேச வேண்டும். பாக்கியை எத்தனை தவணையில் தீர்ப்பது என்று எழுதிக்கொண்டால், பல வழக்குகள் நீதிமன்றப் படி ஏறா.

பேச்சு பலிக்காவிட்டால் என்ன செய்வது? மலேசியாவில் 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகள், 5,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை முறையில் தனிமனிதர் தாமே கொண்டுசெல்ல வழி செய்தன. வழக்கறிஞர் தேவையில்லை. பிடித்துக்கொண்ட முன்பணத்தைக் கேட்க இது ஏற்ற வழி. சிங்கப்பூரில் 1985ஆம் ஆண்டு தொடங்கிய சிறு கோரிக்கை நடுவர் மன்றங்கள், இரண்டு ஆண்டுகளுக்கு மேற்படாத வீட்டு வாடகை வழக்குகளையும் விசாரிக்கின்றன. 2019ஆம் ஆண்டில் அவற்றின் வரம்பு 20,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. எங்கே போனாலும் நடுவர் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: தாள் இருக்கிறதா?

நேயர்களே, நம்மில் பலர் இன்று குடியிருப்பவர்கள் மட்டுமல்லர். அரும்பாடுபட்டு ஒரு வீடு வாங்கி, இன்னொரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டவர்களும் இருக்கிறார்கள். வேலை போனதும் வீடு போன துன்பத்தை நம் பெற்றோர் அனுபவித்திருக்கிறார்கள். அந்த நினைவு நம் கையில் சாவி இருக்கும்போதும் இருக்க வேண்டும். வாடகையை ஏற்றுவதானால் முன்கூட்டியே சொல்வோம். பணம் வாங்கினால் ரசீது கொடுப்போம். வாடகை கொடுப்பவரும் பிறர் வீட்டைத் தம் வீடாக எண்ணிப் பேணட்டும். இன்று மாலையே பெட்டியைத் திறந்து, வாடகை ஒப்பந்தமும் ரசீதுகளும் பத்திரமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். தமிழ்ப் பள்ளியில் படிக்கும் பிள்ளையைக் கொண்டு அவற்றைத் தேதி வாரியாக ஓர் உறையில் அடுக்கி வையுங்கள். எழுதத் தெரியாத பெற்றோருக்கு அந்தப் பிள்ளை செய்யும் பெரிய உதவி அதுவாகும்.